பொல்யூஷன் சான்று இருந்தால் போதுமா? டர்போ காரில் கைவைக்கும் முன் கடலூர் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு தம்பி, புதுச்சேரி பதிவெண் போட்ட 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், பிஎஸ்-4. "ஸ்டேஜ் 2 (சாஃப்ட்வேரோடு புகைக்குழாய் மாதிரி பாகங்களையும் மாற்றும் ட்யூனிங்) போட்டால் 300 குதிரை தாண்டும் என்கிறார்கள். கேட் இல்லாத டவுன்பைப்புக்கு பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஆனால் பொல்யூஷனில் மாட்டக்கூடாது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, சொல்லுங்க அண்ணே" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த டவுன்பைப்பை, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் 'கேட்' (கேட்டலிடிக் கன்வெர்டர்) இல்லாத அந்தப் புகைக்குழாயை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான் ஒன்பது வருடம் எஞ்சின் காலிபரேஷன் வேலையில் இருந்தவன். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்குள் என்ன எண் எழுதினால் டெயில்பைப்பில் என்ன வரும் என்று பார்ப்பதுதான் தொழில். இப்போது அரியாங்குப்பம் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். இரண்டு பக்கத்து அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. "பொல்யூஷனில் மாட்டக்கூடாது" என்பதும் "சட்டப்படி இருக்க வேண்டும்" என்பதும் ஒன்று என்று நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு.

பொல்யூஷன் சான்று என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதியின் கீழ் வருவது. உங்கள் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக்கூடாது. பிறகு எஞ்சினை 2,500 ஆர்பிஎம் பக்கம் பிடித்து வைத்துப் பார்க்கும்போது மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ள, ஈசிஆரில் பறக்கும்போது என்ன கக்குகிறது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

சட்டம் அதோடு நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சியில் உள்ளது மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் ஆர்சி கார்டை எடுத்துப் பாருங்கள். கியூபிக் கெபாசிட்டிக்குப் பக்கத்திலேயே ஹார்ஸ் பவர் என்று ஒரு இடம் இருக்கும். ரீமேப் போட்டு (இசியூவில் இருக்கும் 'மேப்' என்ற சாஃப்ட்வேர் எண்களை மாற்றி எழுதி) 230-ஐ 300 ஆக்கினால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமலே அந்த எண் பொய்யாகிவிடுகிறது. "சாஃப்ட்வேர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்கிறவர்கள் பிடிபடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் கேட்டது சட்டத்தை.

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது 182ஏ பிரிவு. சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் முடங்கும். நடைமுறையில் சைலன்சரைக் கழற்றி ரோடு ரோலர் ஏற்றுவதோடு முடிந்துவிடுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அதை நம்பி இருபது லட்ச ரூபாய் வண்டியில் இறங்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் இன்னும் மோசம். சொல்லாமல் செய்த ரீமேப்பை சர்வேயர் கண்டுபிடித்தால், ஆக்சிடென்ட் கிளெய்ம் நிராகரிக்கப்படுவதற்கு அதுவே அவர்கள் கையில் காரணமாகிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் குடியிருப்பது கடலூரில், வண்டி பிஒய்-01. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் 47-ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் உங்கள் சைலன்சர் சத்தத்தைக் கேட்டு நிறுத்துகிறவர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி இதுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, டவுன்பைப்புக்கு வருவோம்.

டர்போவிலிருந்து வெளியே வரும் முதல் குழாய்தான் டவுன்பைப். கேட்டலிடிக் கன்வெர்டர் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. சின்னத் தேன்கூடு மாதிரி செராமிக் கட்டை, அதன் சுவரெல்லாம் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் அடக்க வேண்டுமானால் காற்று-பெட்ரோல் கலவை லாம்ப்டா 1-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்டுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது கலவையைப் பார்க்கிறது, பின்னது கேட் வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்தால் கேட் செத்துவிட்டது என்று அர்த்தம். பி0420 என்ற எரர் கோடோடு செக் எஞ்சின் லைட் எரியும்.

கேட்டை எடுத்தால் டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறையும், பூஸ்ட் சீக்கிரம் ஏறும். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நல்லபடி ட்யூன் செய்த, நன்றாகச் சூடேறிய எஞ்சின்கூட கேட் இல்லாமல் 0.2 சதவீதத்துக்குள் வருவது கஷ்டம். அதனால்தான் டவுன்பைப் விற்கிறவர் கூடவே பின் சென்சாரை ஊமையாக்கும் மேப்பையும் விற்கிறார். உங்கள் காரைச் செய்த குழுமமே 2015-ல் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் வைத்துப் பிடிபட்டது. அவர்கள் தொழிற்சாலையில் செய்ததை நீங்கள் ஷெட்டில் வைத்துச் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, எவன் இப்படிக் காற்றைக் கெடுக்கிறான் என்று திட்டுகிற ஊர் நம்முடையது. இதையும் சேர்த்து யோசியுங்கள்.

"ஸ்போர்ட்ஸ் கேட் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கண்ணறை அகலமான தேன்கூடு அது. நல்ல பிராண்டாக இருந்தால் ஐட்லிங் சோதனையில் தேறும். மலிவாக வருவதில் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும், ஒரு வருடத்தில் லைட் எரியும். எதுவாக இருந்தாலும் கம்பெனி அங்கீகாரம் வாங்கிய அமைப்பு அது இல்லை.

வெளிநாட்டு சைட்டுகளில் பாகம் தேடும்போது ஒரு விஷயம் உதவும். அமெரிக்காவில் காலிஃபோர்னியா காற்றுவள வாரியம், புகையை அதிகரிக்காது என்று சோதித்துப் பார்த்த பாகங்களுக்கு ஒரு எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் எண் கொடுக்கிறது. எண் இல்லாததை சாலையில் ஓட்டும் வண்டியில் போடக்கூடாது, "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டு விற்பார்கள். அங்கே 2021 ஜூலையிலிருந்து புகைச் சோதனையில் இசியூ சாஃப்ட்வேர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்கு நம் ஆர்டிஓவிடம் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை. ஆனால் ஒரு இன்டேக்கோ இன்டர்கூலரோ அந்தச் சோதனையைத் தாண்டியிருக்கிறது என்றால் உங்கள் எஞ்சினின் கலவையைக் கெடுக்காது என்று ஓரளவு நம்பலாம். நான் பாகம் தேர்ந்தெடுப்பது அப்படித்தான்.

இப்போது பையன்கள் எல்லோரும் கேட்கும் 'பட் பட்' மேப். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் வெடிக்கிறதே, அது. கம்பெனி கொடுத்த ஸ்டாக் மேப்பில் காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றுவிடும். இந்த மேப்பில் பெட்ரோலை நிறுத்தாமல், ஸ்பார்க்கை மட்டும் மிகத் தாமதமாகக் கொடுப்பார்கள். எரிய வேண்டியது சிலிண்டரில் எரியாமல் டர்போவிலும் கேட்டிலும் போய் எரியும். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வண்டி வந்தது. "பிக்கப் இல்லை, மூவாயிரத்துக்கு மேல் ஏற மறுக்கிறது" என்றார்கள். மூன்று இடத்தில் டர்போ போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் முன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கேமரா ஒயரை விட்டுப் பார்த்தேன். சல்லடை சல்லடையாக இருக்க வேண்டிய தேன்கூடு, அடுப்பில் அதிகம் வைத்த வெல்லப்பாகு மாதிரி உருகி, நடுவில் பாதி மூடிப் பளபளவென்று உறைந்திருந்தது. டர்போ நன்றாகத்தான் இருந்தது, புகை போக வழியில்லை. எட்டு மாதம் வெடிச் சத்தம் கேட்டதற்கு விலை ஒரு புதுக் கேட். அந்தத் தொகையை இங்கே எழுதினால் உங்கள் அப்பா படித்துவிடுவார்.

கேட்டை எடுக்காமலே பொல்யூஷனில் தோற்கும் ஒரு காரணம் நம் ஊருக்கென்றே இருக்கிறது. உப்புக்காற்று. என் சொந்த அனுபவம் இது. அப்போது ஒரு சின்ன டர்போ ஹேட்ச்பேக் வைத்திருந்தேன், ஒரு மாற்றமும் செய்யாதது. வில்லியனூர் போகிற வழியில் ஒரு சோதனை வேனில் போட்டேன். மோனாக்சைடு 0.04, ஹைட்ரோகார்பன் அருமை, ஆனால் லாம்ப்டா 1.07. ஃபெயில். அந்தத் தம்பி, டெயில்பைப்பில் சொருகும் சோதனைக் குழாயான புரோபை வெளியே எடுத்துக்கொண்டே, "சார், நான் ஓகே பண்ணிடட்டுமா?" என்றான். வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மகனை விட்டு ஈரத்துணியால் டெயில்பைப்பை இரண்டு நொடி அடைக்கச் சொன்னேன். நான் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தேன். கேட்டுக்குப் பின்னால், குழாய்கள் இணையும் ஃபிளேஞ்சில் 'உஸ்' என்றது. கேஸ்கெட்டைத் துரு தின்றிருந்தது.

புகை போகும் குழாயில் ஓட்டை என்றால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று தோன்றும். புகை துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய் லேசாக உறிஞ்சும். அந்தக் காற்றுதான் மெஷினில் லாம்ப்டாவை ஏற்றிவிடுகிறது. ஓட்டை முன் சென்சாருக்கு முன்னாலேயே இருந்தால் இன்னும் மோசம். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "கலவை வறண்டுவிட்டது" என்று இசியூவிடம் சொல்லும், இசியூ பெட்ரோலை ஏற்றும், மோனாக்சைடு எகிறும், மைலேஜும் போகும். டவுன்பைப் கழற்றி மாட்டிய பல வண்டிகளில் பிரச்சினை மேப்பில் இல்லை, சரியாக உட்காராத கேஸ்கெட்டில்தான்.

புரோபைச் சொருகாமலே சான்று அடித்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன். என் தங்கை வண்டிக்கே ஒருவர் நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துக் காகிதம் கொடுத்தார். அதில் பதிவாகியிருந்த ஐட்லிங் ஆர்பிஎம்மைப் பார்த்தேன். அந்த வண்டி அப்போது ஆஃப் ஆகியிருந்தது.

இனி, உங்கள் பணத்தை எங்கே போடலாம்.

40 டிகிரி வெயிலில் காற்றை ஒரு பார் பூஸ்டுக்கு அழுத்தினால் அது 130 டிகிரியைத் தொடும். அதைக் குளிரவைப்பது இன்டர்கூலர். அக்னி நட்சத்திரத்தில், மரப்பாலம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அரியாங்குப்பம் பாலத்தில் மிதித்துப் பாருங்கள், வண்டி சோம்பலாக இருக்கும். உள்ளே போகும் காற்று சூடு, பெட்ரோல் கட்டுமீறி வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் அலறுகிறது, இசியூ ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கிறது. உங்கள் 230 குதிரையில் நல்ல ஒரு பங்கை மே மாதம் முழுக்க இப்படித்தான் இழக்கிறீர்கள். ஸ்டேஜ் 2 பற்றி யோசிப்பதற்கு முன் அந்த 230-ஐ முழுதாக வாங்குங்கள்.

பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்டர்கூலரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஈசிஆர் வண்டிகளில் அங்கே பூச்சியும் மணலும் உப்பும் அப்பிக் கிடக்கும். பூஸ்ட் ஹோஸ்களை புகை விட்டுச் சோதியுங்கள். ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டுமே பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்டேக் வால்வில் கரி படியும், வால்வைக் கழுவ பெட்ரோல் அந்தப் பக்கம் வருவதே இல்லை. எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதையும் பாருங்கள். இவ்வளவையும் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள், "என்னண்ணே, மேப் ஏதாவது போட்டீங்களா?" என்று போன் செய்திருக்கிறார்கள்.

பெரிய இன்டர்கூலர் போடலாமா? ஆர்சியில் உள்ள எந்த எண்ணையும் அது மாற்றுவதில்லை, புகையைக் கூட்டுவதுமில்லை. என் கணக்கில் நம் வெயிலுக்கு மிக உருப்படியான மாற்றம் அது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். பேனல் ஏர் ஃபில்டர் சரி, ஆனால் எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரில் எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், சென்சாரில் படியும். காற்றை வெளியே 'உஷ்' என்று விடும் புளோ-ஆஃப் வால்வு வேண்டாம். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஏற்கெனவே கணக்கில் எடுத்த காற்று வெளியே போய்விடுவதால் ஒவ்வொரு கியருக்கும் கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகக் கொட்டும். ஆயில் கேட்ச் கேன் (எஞ்சின் ஆவியில் வரும் எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) போட்டால் அதன் வாய் மறுபடி இன்டேக்குக்கே போக வேண்டும், திறந்துவிட்டால் கிராங்க்கேஸ் புகை நேராக ரோட்டுக்கு.

பெட்ரோல். கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய் டேங்க் நிரப்புவது தெரிந்ததுதான், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். எங்கே போட்டாலும் இப்போது சாதா பெட்ரோலாக வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதன் ஆக்டேன் 95, பழைய சாதா பெட்ரோலின் 91-ஐவிட நாக் விஷயத்தில் டர்போவுக்கு நல்லதுதான். ஆனால் எத்தனால் கலந்தால் அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். உங்கள் 2018 வண்டி இ20-ஐ மனதில் வைத்துச் செய்ததில்லை. சென்சாரைப் பார்த்து இசியூ ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் என்று ஒரு எண் இருக்கும், இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தருகிறது என்று சொல்வது, அதைப் பாருங்கள். ஐந்து சதவீதத்தைச் சுற்றி இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எங்கோ லீக், அல்லது பெட்ரோல் பிரஷர் குறைகிறது. ஐரோப்பாவின் 98 ஆக்டேனுக்கு எழுதிய ரெடிமேட் மேப்பை இந்த எரிபொருளில், இந்த வெயிலில் ஓட்டுவது எவ்வளவு அபத்தம் என்று இதிலிருந்தே தெரியும். பங்க்கில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களைத் தொடாதீர்கள். பலவற்றில் மாங்கனீசு இருக்கிறது, பிளக்கிலும் கேட்டிலும் செந்தூளாகப் படியும். 'ரேஸிங் ஆயில்' என்று துத்தநாகமும் பாஸ்பரஸும் அதிகம் போட்டதும் கேட்டுக்கு விஷம்தான். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 350 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு என்று வடிவமைத்தது. உங்கள் எஞ்சின் ஸ்டாக்கிலேயே தருவது 350. ஸ்டேஜ் 2 என்கிறவர் 430, 450 என்று பெருமையாகச் சொல்லுவார். அந்த கிளட்ச் பேக் அவரிடம் இல்லை, உங்கள் வண்டியில் இருக்கிறது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கியர்பாக்ஸ் ஆயிலை முந்தைய ஓனர் மாற்றினாரா என்று சர்வீஸ் ரெக்கார்டில் முதலில் பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் ரீமேப் ஆசை விடவில்லை என்றால், நான் ஒன்றும் சாமியார் இல்லை, புரிகிறது. கேட், இரண்டு சென்சார், பெட்ரோல் ஆவி கேனிஸ்டர் எல்லாம் உயிரோடு இருக்கும் மேப், நம் பெட்ரோலுக்கென்று எழுதியது, ஸ்டாக் ஃபைலைத் திருப்பி ஏற்றக் கையில் வைத்திருப்பது, ஓட்டுவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில். புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரம்தான். டிராக் நாள் முடிந்ததும் ஸ்டாக் ஃபைலோடு வீட்டுக்கு வாருங்கள். ரோட்டில் அதை ஓட்டினால் பொல்யூஷன் மெஷின் பாஸ் போட்டாலும் ஆர்சிப்படி அது தப்புதான், அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. ஃபைலை மாற்றியதும் இசியூவின் சுயசோதனைகள் எல்லாம் அழிந்து மறுபடி ஓடி முடிய வேண்டியிருக்கும். அதனால் மாற்றிய கையோடு சோதனைக்குப் போகாமல் நாலைந்து நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள். வீட்டிலிருந்து எதிர்த் தெருவில் இருக்கும் வேனுக்கு நேராகப் போனால் குளிர்ந்த கேட் எவ்வளவு நல்ல வண்டியையும் தோற்கடித்துவிடும்.

அட்வான்ஸ் பத்தாயிரம் திரும்பி வருமா என்று தெரியாது. கடையில் சண்டை போடாமல், அதற்குப் பதில் பிரேக் பேடும் நல்ல பிரேக் ஆயிலும் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பணத்துக்கு வண்டி வந்த அதே சைஸில் நாலு நல்ல டயர். முதலில் ஸ்கேனரைச் சொருகி டிரிம், இன்டேக் டெம்பரேச்சர், எரர் கோடுகள் மூன்றையும் மதிய வெயிலில் ஒருமுறை, அதிகாலையில் ஒருமுறை எழுதி எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.